விதை வாரமும் வேடிக்கை வாரமும்

பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத்தில் நம் வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. நான்கு வயதுக் குழந்தையைப் பார்க்க வரும் பாட்டனார் கேட்கிறார், அண்டை வீட்டார் கேட்கிறார்கள், மாலையில் வேலையிலிருந்து திரும்பும் தகப்பனாரும் கேட்கிறார்: "இன்று என்ன எழுதினாய்?" குழந்தை நோட்டுப் புத்தகத்தை நீட்டுகிறது. ஒரு பக்கம் முழுவதும் 'அ' வரிசை வரிசையாக எழுதப்பட்டிருந்தால், பள்ளிக்கூடம் நல்லது என்று தீர்மானிக்கப்படுகிறது. "மண்ணில் விளையாடினோம், பயறு ஊறப் போட்டோம்" என்று குழந்தை சொல்லிவிட்டாலோ, மறுநாளே வேறு பள்ளிக்கூடம் தேடும் பேச்சுத் தொடங்கிவிடுகிறது.

மண்ணில் விளையாடியதும் பயறு ஊறப் போட்டதும் கல்வியே என்பதையும், முறையாக நடத்தினால் அந்த வயதுக்கு அதனினும் ஏற்ற கல்வி வேறில்லை என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கூடவே மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். இம்முறையின் பெயரால் இன்று பல இடங்களில் நடந்துவருவது வெறும் வேடிக்கை. அதைக் கல்வி என்று ஒப்புக்கொள்வதற்கில்லை.

பெயரின் பொருள்

'கிண்டர்கார்ட்டன்' என்ற ஜெர்மன் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். 1837-ல் ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கிய பிரெடரிக் பிராபெல் என்பவர், 1840-ல் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அவர் சிசுப் பருவத்திலேயே தாயை இழந்தவர். இளமையில் காட்டு இலாகாத் தொழில் பழகியவர். பின்னர்ப் படிகக் கற்களின் அமைப்பை ஆராய்ந்தவர். செடியும் கல்லும் தத்தம் இயல்புப்படி உள்ளிருந்தே வளர்ந்து உருக்கொள்வதைக் கண்ட அவர், குழந்தையின் அறிவும் அவ்வாறே வளர்வதாகக் கருதினார். தோட்டம் என்ற பெயர் வெறும் உவமையன்று. அவருடைய பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி உண்டு.

கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள், மரத்தால் செய்த உருண்டை, உருளை, கனசதுரம், எட்டுத் துண்டாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய பெட்டிக் கட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக விளையாட்டுப் பொருள்களை அவர் வகுத்தார். குழந்தை அவற்றை உருட்டும், அடுக்கும், பிரிக்கும், சேர்க்கும். அதன் வழியே வடிவமும் எண்ணும் அதன் கைக்கு வசப்படும். 1851-ல் பிரஷ்ய சர்க்கார் இப்பள்ளிகளைத் தடை செய்தது. குழந்தைகள் தாமாக ஆராய்ந்து கற்பதில் ராஜத்துரோகத்தின் வாடை அடித்தது போலும்! மறு ஆண்டு பிராபெல் காலமானார். 1860-ல்தான் தடை நீங்கியது.

ஆனால் தடை செய்த சர்க்காரைவிடப் பின்பற்றிய சீடர்களே அதிகக் கேடு செய்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆசிரியை மேஜையைத் தட்டியதும் எல்லாக் குழந்தைகளும் ஒரே சமயத்தில் கட்டையை எடுக்க வேண்டும், ஒரே விதமாக அடுக்க வேண்டும் என்ற அளவுக்கு அம்முறை இறுகிப்போயிற்று. உயிர் போய்ச் சடங்கு நின்றது. அமெரிக்காவில் ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியிலும், அவரைத் தொடர்ந்தவர்களின் பள்ளிகளிலும் இதற்கு மாற்று உருவாயிற்று. வீடு, சமையல், கடை, தோட்டம் என்று குழந்தையின் வாழ்விலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள்வது; சில நாட்கள் வகுப்பின் வேலைகள் யாவற்றையும் அதைச் சுற்றியே அமைப்பது; கணக்கு, பேச்சு, கதை, சித்திரம் ஆகியவை அப்பொருளிலிருந்தே கிளைக்கும்படி விடுவது என்பதே அந்த மாற்று. இன்று மழலைப் பள்ளிகளில் 'இந்த வாரம் பழங்கள்', 'அடுத்த வாரம் பறவைகள்' என்று அட்டவணை போடுகிறார்களே, அதன் மூலம் இதுதான்.

நம் மண்ணில்

இவ்விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு சொந்த வரலாறு உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம். 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிஸோரி அம்மையார், பிரம்மஞான சங்கத்தின் அழைப்பை ஏற்று 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அம்மையார் எதிரி நாட்டுப் பிரஜையானார். யுத்த காலத்தில் சில ஆண்டுகள் கோடைக்கானலில் தங்கி, அங்கும் குழந்தைகளிடையே பணி செய்தார். வாரத்துக்கு ஒரு பொருள் என்னும் முறை அவருடையதன்று. ஆயினும் கை வழியே அறிவு வளர்கிறது என்பதை உலகுக்கு அவரைப்போல் அழுத்தமாகச் சொன்னவர் வேறு யாருமில்லை.

அவருடைய முறையில் நம்மவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அதற்குரிய கருவிகள் அளவு பிசகாமல் செய்யப்பட்டவை. ஆகவே விலை அதிகம். ஏழை நாட்டுக் குழந்தைக்கு அவை எட்டுமா? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் நம் நாட்டவர்களே. வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்வியில் இறங்கிய கிஜுபாய் பதேகா, 1920-ல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திரத்தைத் தொடங்கினார். மீசை வைத்த அம்மா என்று ஜனங்கள் அவரை அன்புடன் அழைத்தார்கள். அவருடன் பணி செய்த தாராபாய் மோடக் அம்மையார் இன்னும் ஒரு படி சென்றார். 1945-ல் மகாராஷ்டிரத்தின் கடற்கரைக் கிராமமான போர்டியில் வேலை தொடங்கிய அவர், ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டார். வராத குழந்தைகளிடம் பள்ளியே போயிற்று. குடிசை முற்றத்தில் வகுப்பு நடந்தது. கூழாங்கல், கிளிஞ்சல், இலை, கொட்டை ஆகியவையே அங்குக் கருவிகள். 'அங்கண்' என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நிலையங்களுக்கு 'அங்கன்வாடி' என்ற பெயர் அமைந்தது. இன்று நம் தெருக்கோடியில் உள்ள அங்கன்வாடியின் பெயரிலேயே, விலையின்றிக் கிடைக்கும் பொருளைக் கொண்டு முற்றத்தில் கற்பிக்கும் கொள்கை பொதிந்திருக்கிறது.

ஒரு வாரம் எப்படிச் செல்லும்?

கொள்கை பேசியது போதும். நடைமுறையைப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 'விதை' என்பதைப் பொருளாக எடுத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி கொண்டு வருகிறது. பச்சைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, உளுந்து, வெந்தயம், நெல், புளியங்கொட்டை என்று எல்லாம் ஒரு முறத்தில் கொட்டப்படுகின்றன. ஆசிரியை கேட்பது ஒன்றே: "எது எதோடு சேரும்?" ஒரு குழந்தை நிறத்தைக் கொண்டு பிரிக்கிறது, மற்றொன்று பெரியது சிறியது என்று பிரிக்கிறது, இன்னொன்று "இது எங்கள் வீட்டில் குழம்புக்குப் போடுவது, இது போடாதது" என்று பிரிக்கிறது. மூன்றும் சரியே. ஒரே பொருளைப் பல விதமாக வகைப்படுத்தலாம் என்பதை அறிவதுதான் விஞ்ஞானத்தின் முதற்படி. ஆசிரியை தம் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் படியைக் குழந்தைகள் ஏறியிரார்கள்.

அன்று மாலை இரண்டு கொட்டாங்கச்சிகளில் அரைப் பாகம் கொண்டைக்கடலை போடப்படுகிறது. ஒன்றில் நிறையத் தண்ணீர். மற்றொன்று உலர்ந்தபடியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால், தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சியில் கடலை விளிம்புவரை நிறைந்திருக்கிறது. "யாரோ கூடப் போட்டுவிட்டார்கள்" என்றே நான்கு வயதுக் குழந்தை நினைக்கும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் கூடவில்லை என்று தெரிகிறது. அப்படியானால் என்ன நேர்ந்தது? ஊறிய கடலையையும் ஊறாத கடலையையும் விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். தோலை உரித்தால் பருப்பு இரண்டாகப் பிளக்கிறது. இடையில் ஊசிமுனை போல ஒரு சிறு முளை. நெல்லை உரித்தால் அது அவ்வாறு இரண்டாவதில்லை. இவ்வளவையும் வாயால் சொல்லிக் கொடுக்க எந்த உபாத்தியாயருக்கும் ஒரு நாள் முழுவதும் பிடிக்கும். சொன்னாலும் மனதில் நிற்காது.

புதன்கிழமை மூன்று ஏற்பாடுகள். ஊறிய பயறு கொஞ்சம் ஈரத்துணியில் கட்டப்படுகிறது. ஊறாத பயறு கொஞ்சம் உலர்ந்த துணியில் கட்டப்படுகிறது. கொஞ்சம் ஒரு பாத்திரத்தில் தண்ணீருக்குள் மூழ்கியபடியே விடப்படுகிறது. "எது முளைக்கும்?" என்று கேட்டு, ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தோன்றியதன் முன்னால் ஒரு கூழாங்கல்லை வைக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் அதிகம் இருந்தால் நன்றாக முளைக்கும் என்று எண்ணி மூழ்கிய பயற்றின் முன்னால் கல் வைக்கும் குழந்தைகள் பல இருக்கும். ஈரத்துணிப் பயறு ஓரிரு நாளில் முளைவிடுகிறது. உலர்ந்தது அப்படியே இருக்கிறது. மூழ்கியது காற்றில்லாமல் அழுகி நாறத் தொடங்குகிறது. தான் நினைத்தது தவறு என்பதை, யாரும் அதட்டாமல், குழந்தை தன் மூக்காலேயே அறிந்துகொள்கிறது. தவறுவதில் அவமானமில்லை என்ற பாடமும் அதில் இருக்கிறது.

வியாழக்கிழமை ஊரிலுள்ள ஒரு விவசாயப் பெரியவரை அழைக்கலாம். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, அமிழ்ந்ததை எடுத்துக்கொள்ளும் முறையை அவர் செய்து காட்டுவார். பதர் ஏன் மிதக்கிறது என்று கேட்காத குழந்தை இராது. தன் தாத்தாவுக்குத் தெரிந்த விஷயம் பள்ளிக்கூடத்துக்கும் உரியது என்று அன்று அக்குழந்தைக்குத் தெரியும். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம்! பிற்பகலில் கடை விளையாட்டு. இரண்டு கொட்டாங்கச்சியும் ஒரு குச்சியும் கயிறும் சேர்ந்தால் தராசு. புளியங்கொட்டை காசு. வாங்குவதும் விற்பதும், "குறைவாகப் போட்டுவிட்டாய்" என்று சச்சரவிடுவதும், மறுபடி நிறுத்துப் பார்ப்பதும் நடக்கும்.

வெள்ளிக்கிழமை முளைத்த பயற்றை மண்ணில் ஊன்றுகிறார்கள். மிச்சக் கடலை சுண்டலாகிறது. முதல் நாளிலிருந்து என்னென்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள்; கண்டதை வரைகிறார்கள். ஒருவர் படம் மற்றவர் படத்தைப் போல இராது. அப்படி இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிறு குழந்தைகள் விதையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், விழுங்கியும் விடும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் சிறிய விதைகளைத் தரலாகாது. மற்றவர்களிடமும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். அதுவே ஒரு கணக்குப் பாடமும் ஆகும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை ஒருநாளும் வகுப்புக்குள் விடக்கூடாது. அது கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அத்தகையதே.

கற்றது என்ன?

எழுத்துக்கூடப் படிக்காமல் ஒரு வாரம் வீணாயிற்றே என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறோம். நூறு வரை தடையின்றி ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். எண்ணின் பெயரை அறிவது வேறு, எண்ணை அறிவது வேறு. கடையில் காசு எண்ணிக் கொடுத்த கைக்கு இரண்டாவது அறிவு கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் கூட்டலும் கழித்தலும் அர்த்தமாகும்.

மொழியும் அவ்வாறே. ஊறுதல், உப்புதல், முளை, வேர், தோல், பதர், சொத்தை, அழுகல் ஆகிய சொற்களைப் பொருளோடு கற்ற குழந்தைக்கு, நாளை அவற்றை எழுத்தில் காணும்போது எழுத்துக்கூட்டினால் போதும். பொருள் தானே வரும். பொருளறியாத சொல்லை வாசிக்கும் குழந்தை வாசிப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோமேயன்றி உண்மையில் அது வாசிப்பதில்லை.

எழுதுவதைப் பற்றி உடற்கூறு நூல் சொல்வதையும் கவனிக்க வேண்டும். மனிதனின் மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, பல ஆண்டுகளில்தான் எலும்பாக முற்றுகின்றன. நான்கு வயதில் அவ்வேலை முடிவடைவதில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதைவிட, பயறு பொறுக்குவதும், தோல் உரிப்பதும், களிமண் பிசைவதும், முடிச்சு அவிழ்ப்பதும் அதே விரல்களை அதே எழுத்துக்குத் தயார் செய்கின்றன. கோலப்புள்ளி வைக்கும் விரலும் பல்லாங்குழியில் சோழி போடும் விரலும் எழுதப் பழகுவதற்கு வருந்துவதில்லை என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள்.

வேடிக்கை வாரம்

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். பணம் கட்டிச் சேர்க்கும் மழலைப் பள்ளி ஒன்றில் 'நீர் வாரம்' நடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இத்தகைய காட்சி எந்த நகரத்திலும் அபூர்வமன்று. குழந்தைகள் யாவரும் நீல உடையில் வர வேண்டுமென்று முன்னாளே அறிக்கை வருகிறது. நீல உடை இல்லாத வீட்டில் அன்றிரவே கடைக்கு ஓடுகிறார்கள். சுவர் முழுவதும் காகித மீன்கள். அவற்றை வெட்டி ஒட்டியவர்கள் ஆசிரியைகள், இரவு வெகுநேரம் கண்விழித்து. ஒரு குழந்தை மழைத்துளி வேஷத்தில் நின்று, மனப்பாடம் செய்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறது. அச்சடித்த மீன் படத்துக்குக் கோட்டைத் தாண்டாமல் நீலம் பூச வேண்டும். புகைப்படம் எடுக்கப்பட்டுப் பெற்றோரின் கைப்பேசிகளுக்கு அனுப்பப்படுகிறது. வாரம் முடிகிறது. அந்த ஐந்து நாளில் ஒரு குழந்தையின் விரல்கூடத் தண்ணீரில் நனையவில்லை. உடை ஈரமாகிவிடும் அல்லவா?

இதில் ஆசிரியைகளை நாம் குறை கூறவில்லை. பெற்றோர் பார்ப்பதற்காக நடத்தப்படும் வகுப்பு அப்படித்தான் ஆகும். குழந்தைக்காக நடத்தப்படும் வகுப்பில் சுவர் அவ்வளவு அழகாக இராது. தரை ஈரமாக இருக்கும். எது கல்வி, எது வேடிக்கை என்று கண்டறிய மூன்று கேள்விகள் போதும். பொருளைத் தொட்டது யார், குழந்தையா ஆசிரியையா? கேள்வி கேட்டது யார்? முப்பது குழந்தைகள் செய்தவையும் ஒன்றுபோல இருக்கின்றனவா, வெவ்வேறாக இருக்கின்றனவா? பிராபெலின் சீடர்கள் மேஜையைத் தட்டிக் கட்டை அடுக்கச் செய்ததற்கும் அச்சிட்ட மீனுக்கு வண்ணம் பூசச் செய்வதற்கும் வித்தியாசம் இல்லை.

ஆட்சேபங்கள்

இவ்வாறு கற்ற குழந்தைகள் பின்னால் போட்டியில் பின்தங்கிவிட மாட்டார்களா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1962 முதல் 1967 வரை ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அவர்களில் 58 பேர் பெர்ரி பள்ளி என்ற நிலையத்தில் சேர்க்கப்பட்டார்கள், மற்றவர்கள் சேர்க்கப்படவில்லை. அந்நிலையத்தில் குழந்தைகள் என்ன செய்யப்போகிறோம் என்று தாமே திட்டமிட்டு, செய்து, பிறகு செய்ததைப் பற்றிப் பேசும் வழக்கம் இருந்தது. நாற்பது வயதுவரை அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பள்ளியில் சேர்ந்தவர்கள் பொதுவாக அதிகம் படித்தவர்களாகவும், அதிகம் சம்பாதிப்பவர்களாகவும், குற்றங்களில் குறைவாகச் சிக்கியவர்களாகவும் இருந்தார்கள். சிறிய சோதனைதான், வேற்று நாட்டில் நடந்ததுதான். ஆயினும் விளையாடிக் கற்றவன் பின்தங்குவான் என்ற பயத்துக்கு அதில் இடமில்லை.

செலவாகுமே என்ற ஆட்சேபமும் நிற்காது. மேலே சொன்ன விதை வாரத்துக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒரு ஏழை வீட்டில் இருப்பவை. உண்மையில் வேண்டுவது பணமன்று, ஆசிரியையின் அவகாசம். அங்கேதான் நம் நாட்டின் குறை இருக்கிறது.

அங்கன்வாடியின் நிலை

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில், மாதத்துக்கு ஒரு பொருளாக வகுத்த பாடத்திட்டமும் இவற்றுக்கு உண்டு. ஆகவே கொள்கையில் குறைவில்லை. ஆனால் அதை நடத்த வேண்டிய ஊழியரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஊட்டச்சத்து வழங்க வேண்டும்; குழந்தைகளை எடை பார்க்க வேண்டும்; தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்; கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் கவனிக்க வேண்டும்; பதிவேடு எழுத வேண்டும்; 2021 முதல் அதையே கைப்பேசியிலும் பதிய வேண்டும். திட்டத்தின் ஆறு சேவைகளில் குழந்தைக் கல்வி ஒன்று. எடை குறைந்தால் கணக்கில் தெரியும். முட்டை குறைந்தால் கணக்கில் தெரியும். பயறு ஊறப் போடாத நாள் எந்தக் கணக்கிலும் தெரியாது. தெரியாதது முதலில் கைவிடப்படுகிறது.

பெற்றோரும் இதற்கு உதவுகிறார்கள். அங்கன்வாடியில் சோறு போடுவார்கள், படிப்பு வராது என்று எண்ணி, கூலி வேலை செய்பவர்கள்கூடக் கடன் வாங்கி, இரண்டு அறை வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஆங்கிலப் பள்ளிக்கு மூன்று வயதுப் பிள்ளையை அனுப்புகிறார்கள். 2019-ல் தமிழ்நாடு சர்க்கார் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியதும் இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். அது நல்ல முயற்சியே. ஆனால் அந்த வகுப்புகளும் தனியார் பள்ளியைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தையே நம்பினால், பெயர்ப்பலகை மாறியதுதான் மிச்சமாகும்.

சட்டமும் இவ்வயதுக் குழந்தையைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கே உரிமை தருகிறது. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கல்வியளிக்க ராஜ்யம் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45-ம் பிரிவு, 2002-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கூறுகிறது. முயற்சிக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை ஏழைத் தாய்மார் நன்கு அறிவார்கள்.

செய்ய வேண்டுவன இரண்டு. மையத்துக்கு ஓர் ஊழியரும் ஓர் உதவியாளரும் என்ற ஏற்பாட்டில் கல்விக்கென்று மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும். உடனடியாக இயலாவிடில், காலையில் இரண்டு மணி நேரமாவது ஊழியரை எந்தப் பதிவுக்கும் கூட்டத்துக்கும் அழைக்காமல் குழந்தைகளோடு விட்டுவைக்க வேண்டும். இது சர்க்காரின் கடமை. மாதத்தில் ஒரு நாள் பெற்றோரை மையத்துக்கு அழைத்து, பார்வையாளராக அல்லாமல் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பயறு பிரிக்கச் செய்ய வேண்டும். இது ஊராரின் கடமை. குழந்தை எப்படி யோசிக்கிறது என்பதை ஒரு மணி நேரம் அருகிலிருந்து கண்ட தாய், மறுநாள் நோட்டுப் புத்தகத்தைக் கேட்க மாட்டாள்.

பெற்றோரிடம் நம் வேண்டுகோள் சிறியது. மாலையில் வீடு திரும்பியதும், "என்ன எழுதினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று எதைத் தொட்டுப் பார்த்தாய்? என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். குழந்தை பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால், நீங்கள் சேர்த்த பள்ளி நல்ல பள்ளி. அது அரிசிக்கும் முட்டைக்கும் பெயர்போன தெருக்கோடி அங்கன்வாடியாகவே இருக்கலாம். பதில் ஒன்றும் வராமல் நோட்டுப் புத்தகம் மட்டும் நீண்டால், அன்றிரவு நீங்களே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள். காலையில் குழந்தையை எழுப்ப வேண்டிய வேலை உங்களுக்கு இராது.